கல்லில் விட்ட கோடு

திழோன்,
12 செப்டம்பர் 1949

அப்பாவுக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறை அலுவலர் படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் உங்கள் கைக்கு வருமாம். படிக்கட்டும், என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஒரு காரியம் ஆக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். வில்லார்சியில் நம் குடும்பக் கல்லறை உங்கள் பெயரில் இருக்கிறது. அதில் யாரை வைப்பது, கல்லில் யார் பெயரை வெட்டுவது என்பதற்கெல்லாம் உங்கள் கையெழுத்து வேண்டும். ஜெர்மானியருக்குத் துணைபோனதாகச் சொன்ன தீர்ப்பில் உங்கள் ஓட்டுரிமையைப் பறித்தார்கள். பத்திரிகை நடத்தும் உரிமையைப் பறித்தார்கள். சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தையும் பறித்தார்கள். கல்லறையை மட்டும் விட்டுவிட்டார்கள். மேயர் அலுவலகத்து அம்மாள் இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். "ஓட்டுப் போட முடியாது, ஆனா கல்லறை அவருதுதாங்க. அவரு எழுதிக் குடுக்காம ஒரு எழுத்தக்கூடத் தொட விட மாட்டோம்" என்றார்.

என் கணவரின் பெயரை அந்தக் கல்லில் வெட்ட வேண்டும்.

உடல் வராது, அது எல்லோருக்கும் தெரியும். ரயில் கிழக்கே போனது, திரும்பி வரவில்லை. போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு லூசெத்தை வில்லார்சிக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு ஏழு வயது ஆகப் போகிறது, நீங்கள் பார்த்ததே இல்லை. இரண்டு சாமந்தித் தொட்டிகள் வாங்கினோம். ஒன்றை அம்மாவின் பெயருக்குக் கீழே வைத்தாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பாவோடத எங்கம்மா வைக்கறது?" என்றாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கடைசியில் அந்தத் தொட்டி அவள் மடியிலேயே பஸ்ஸில் திரும்பி வந்தது. எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்து வாடிப்போனது.

உங்கள் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது, நினைவிருக்கும். அம்மா இறந்தபோது அவளுக்குப் பக்கத்திலேயே உங்கள் பெயரையும் பிறந்த வருடத்தையும் வெட்டச் சொல்லி, ஒரு கோடு போட்டு நிறுத்தச் சொன்னீர்கள். லூசெத் அதில் விரல் வைத்து, "இது ஏன் முடியல?" என்று கேட்டாள். "தாத்தா இன்னும் உயிரோட இருக்காரு, அதான்" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கோட்டோடு நிற்கும் பெயர்களைத் தேடிக் கல்லறைத் தோட்டம் முழுக்க ஓடினாள். "இவங்க இருக்காங்க! இவங்களும் இருக்காங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். கும்பிட வந்தவர்கள் முறைத்தார்கள்.

சம்மதக் கடிதம் ஒன்று எழுதி அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

ஒதில்


மத்தியச் சிறை, மருத்துவக் கூடம்,
25 செப்டம்பர் 1949

என் ஒதில்,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டர்னிப் சூப் ஆறிப்போனது. அது ஆறினாலும் ஆறாவிட்டாலும் ஒரே ருசிதான். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ழில்பேர் அதை எடுத்துக் குடித்துவிட்டான். முப்பது வயது, போர்க்காலத்தில் ஜெர்மானியருக்காக ஆள் பிடித்த துணைப்படையில் இருந்தவன், நுரையீரலில் நோய். நாள் முழுக்கத் துப்பறியும் கதை படிக்கிறான். என்னை "ஐயா" என்கிறான். இங்கே என்னை அப்படிக் கூப்பிடும் ஒரே ஆள் அவன்தான்.

நீ கேட்டதை நான்கு நாளாக யோசித்தேன். முடியாது, மகளே.

கோபப்படாமல் கேள். உன் கணவரை எனக்குப் பிடிக்காமல் இல்லை. நல்ல கணித ஆசிரியர், சதுரங்கத்தில் என்னை இரண்டு முறை தோற்கடித்தவர். அவருக்கு நடந்தது கொடுமை, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல் நல்லவர்களுக்கான இடம் இல்லை. நம்மவர்களுக்கான இடம். அதில் என் சிற்றப்பாவும் இருக்கிறார். ஊரிலேயே பெரிய குடிகாரர், அவரைப் போல ஒரு மோசமான மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு அங்கே இடம் உண்டு. அதுதான் அந்தக் கல்லின் நியாயம்.

என் தம்பி ஃபிர்மேன் பெயர் அங்கே இருப்பது உனக்குத் தெரியும். 1916, வெர்தான் போர்முனை. குண்டு விழுந்த இடத்தில் ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. என் அப்பா, ஊரில் ஒயின் பீப்பாய் விற்றவர், மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், உடல் இல்லாமலே அந்தப் பெயரை வெட்டச் சொன்னார். அன்று அந்தக் கல்லின் முன்னால் நின்றபோதுதான் என் வாழ்க்கை முழுவதற்குமான சிந்தனை எனக்குக் கிடைத்தது. நாடு என்பது உயிரோடு நடமாடுகிறவர்களின் கூட்டம் அல்ல. அது ஒரு கல். அதில் பெயர் இருக்கிறவர்கள், இனி பெயர் வரப்போகிறவர்கள், இவர்கள்தான் நாடு. வந்து போகிறவர்களை மதிக்கலாம், விருந்து வைக்கலாம். கல்லில் எழுத முடியாது. இதைத்தான் முதல் கட்டுரையில் எழுதினேன். இதற்காகத்தான் 'மணிக்கூண்டு' வார இதழை இருபது வருடம் நடத்தினேன். பாரிஸில் மாணவர்கள் என்னைத் தோளில் தூக்கிச் சென்றதும் இதற்காகத்தான், இன்று இங்கே கம்பளி இல்லாமல் கிடப்பதும் இதற்காகத்தான். எல்லாம் போன பிறகு இந்த ஒன்று மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதையும் நீ கேட்கிறாய்.

உன் கணவரின் முன்னோர்கள் கிரேக்க தேசத்துச் சலோனிக்காவில் கிடக்கிறார்கள். அவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். அதுதான் அவருக்கும் மரியாதை.

ஒன்று மட்டும் நீ நம்ப வேண்டும். அவரைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. எந்த இதழையும் எடுத்துப் பார். அவர் பெயர் எங்கும் இருக்காது.

கம்பளிக் காலுறை இருந்தால் ஒரு ஜோடி அனுப்பு. லூசெத்தின் புகைப்படம் அனுப்பச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உன் அப்பா


திழோன்,
3 அக்டோபர் 1949

அப்பாவுக்கு,

காலுறை தனிப் பொட்டலத்தில் வருகிறது. புகைப்படம் வராது.

சரியாகச் சொன்னீர்கள். அவர் பெயரை நீங்கள் எங்கும் எழுதவில்லை. இதழில் எழுதவில்லை, எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. "உன் கணவர்", "அவர்". பதினோரு வருடத்தில் உங்கள் வாயிலிருந்து ஒரு தடவையாவது அந்தப் பெயர் வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். சதுரங்கத்தில் தோற்றபோதுகூட, "உங்க ஆட்டம், ஐயா" என்றுதான் சொன்னீர்கள்.

அவர் பெயர் விதால். விதால் நாமியாஸ்.

வில்லார்சியில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசை நினைவிருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த வெள்ளி வளையம், அதில் கைத்துணியைச் சுருட்டிச் செருகி வைப்போம். வீட்டுக்கு வரும் மருமகள்களுக்கும் மருமகன்களுக்கும் கல்யாணத்தன்று வளையம் செய்துகொடுப்பது வழக்கம். விதாலுக்கு வரவில்லை. இரண்டு கோடைக்காலம் உங்கள் மேசையில் சாப்பிட்டார், இரண்டு கோடையும் தன் துணியை முடிச்சுப் போட்டு வைத்தார். நான் ஏதாவது சொல்ல வாய் எடுப்பேன். அவர் என் காதில், "விடு ஒதில், நான் இன்னும் விருந்தாளிதான். விருந்தாளிய யாரும் பாத்திரம் கழுவச் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்காகவே நீங்கள் பார்க்கும்படி போய்ப் பாத்திரமும் கழுவுவார்.

நல்லவர்களுக்கான இடம் இல்லை என்கிறீர்கள். உங்கள் குடிகாரச் சிற்றப்பாவுக்கு இடம் உண்டு என்கிறீர்கள். இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. மருந்துக்கடையில் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அவரைப் பிடித்த அன்று என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. பகல் சாப்பாட்டு நேரம். யூதர் என்று பள்ளியிலிருந்து நீக்கிய பிறகு அவர் வீட்டில்தான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஒரு பையனுக்குப் பின்னக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தார். துணைப்படைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பொறுமையாகத்தான் பேசினார்கள். விதால் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவர்களில் ஒருவன் அதை வாங்கவே இல்லை. "அட்டையெல்லாம் யாரு கேட்டா? உம்ம பேரு எந்தக் கல்லுல இருக்கு, அதச் சொல்லும்" என்றான்.

விதாலுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. அவர் கையில் கத்தி இருந்தது, கிழங்கு உரிக்கும் சின்னக் கத்தி. அதை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, "எந்தக் கல்லுலயும் இல்லீங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அதனால்தான் கல் வேண்டும் என்கிறேன். சலோனிக்காவில் அவர் முன்னோர்களின் கல்லறையை இந்தப் போரில் உடைத்து, கற்களை எடுத்துப் போய்த் தெருவில் பதித்துவிட்டார்கள். அங்கேயும் அவருக்கு இடம் கிடையாது.

இன்னொரு விஷயம். ஊரில் கல் வெட்டும் மிஷோவிடம் விசாரித்தேன். அவர் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இடமே இல்ல பாப்பா. கீழ் ஓரம் பனியில வெடிச்சுக் கெடக்கு, அங்க உளி வெச்சா மொத்தமும் போயிடும். இருக்கறது உங்கப்பாரு வரி ஒண்ணுதான். அத எடுத்தா வேற பேரு போடலாம். அவரு எடுக்க விடுவாரா? ஊருக்கே தெரியுமே அவரு புடிவாதம்" என்றார்.

ஆக, சம்மதம் கேட்டு எழுதியவள் இப்போது உங்கள் வரியையே கேட்டு எழுதுகிறேன். முடியாது என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

ஒதில்


மத்தியச் சிறை, மருத்துவக் கூடம்,
10 அக்டோபர் 1949

ஒதில்,

நான் இன்னும் சாகவில்லை. அதற்குள் என் பெயரைச் சுரண்டப் பார்க்கிறாய். அரசாங்க வழக்கறிஞருக்குக்கூட இந்த யோசனை வரவில்லை. உன்னை அவர்கள் வேலைக்குச் சேர்த்திருக்க வேண்டும்.

அந்த வரி எனக்காக மட்டும் வெட்டியதா? உன் அம்மாவுக்குப் பக்கத்தில் படுப்பேன் என்று அவளுக்குச் சொன்ன வார்த்தை அது. ஒர்தான்ஸ் தன் கடைசி வாரத்தில் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "கூட்டம், பத்திரிகைன்னு என்னைத் தனியாவே விட்டீங்க. அங்கயாவது பக்கத்துல இருங்க" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்வது?

மாட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

காலுறை கிடைத்தது. சரியான அளவு.

பின்குறிப்பு: வாசலில் அந்த ஆள் சொன்னதாக நீ எழுதிய வார்த்தைகள். அவன் அப்படியேதான் சொன்னானா? உன் மனவருத்தத்தில் நீயாகச் சேர்த்ததா? வக்கீல்தனமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா


திழோன்,
14 அக்டோபர் 1949

அப்பாவுக்கு,

ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை. "உம்ம பேரு எந்தக் கல்லுல இருக்கு, அதச் சொல்லும்." இதுதான் அவன் சொன்னது. பின்னக் கணக்குப் படிக்க வந்த பையனும் கேட்டான். அவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது, வேண்டுமானால் அவனிடம் கேட்டு எழுதுகிறேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் வழக்கு நடந்தபோது 'மணிக்கூண்டு' இதழிலிருந்து நீதிமன்றத்தில் வாசித்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

ஒதில்


மத்தியச் சிறை, மருத்துவக் கூடம்,
21 அக்டோபர் 1949

ஒதில்,

நீ அங்கே இருந்தாயா? நான் அந்தக் கூடம் முழுவதும் உன்னைத் தேடினேன். கண் சரியாகத் தெரியவில்லை.

அந்த வரி எனக்கு மனப்பாடம். 1941 இளவேனிலில் எழுதினேன். "யார் இந்த மண்ணின் மகன் என்று தெரிய வேண்டுமா? அடையாள அட்டையைக் கேட்காதே. கல்லறைத் தோட்டத்துக்குள் போ, பெயர்களைப் படி." அதை எழுதிய அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஓசை நன்றாக விழுந்திருக்கிறது என்று அச்சகத்தில் எல்லோரிடமும் வாசித்துக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ழில்பேரிடம் கேட்டேன். அவன் கதைப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பேசினான். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"நீ என் பத்திரிகைய வாசிச்சிருக்கியா?"

"தலைப்ப மட்டும் பாப்பேன் ஐயா. உள்ள போனா தலை சுத்தும். ஆனா அந்தக் கல்லறை விஷயம் எங்க எல்லாருக்கும் தெரியும்."

"என்ன விஷயம்?"

"அதான், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோமே. ஞாயித்துக்கெழம காலையில பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். ஒருத்தன் பேர வாசிப்பான், இன்னொருத்தன் மனசுல வாங்கிக்குவான். அப்புறம் தெருவுல எறங்கி வாசல் பலகைய எல்லாம் பாப்போம். கல்லுல இல்லாத பேரு கதவுல இருந்தா, தட்டுவோம்."

"திழோன்லயா?"

"நான் ஷாலோன்ல இருந்தேன் ஐயா. ஆனா எல்லா ஊர்லயும் இதேதான். ரொம்பச் சுலபம். அலுவலகத்துக் கோப்பெல்லாம் தேட வேண்டியதில்ல பாருங்க."

"அட, அது பேச்சுக்குச் சொன்னதுடா. நெசமாவே போய்ப் படிக்கச் சொல்லல."

அவன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். குத்திக்காட்டும் நோக்கமே இல்லை. உண்மையிலேயே குழம்பிப்போய்த்தான் கேட்டான்.

"அப்படிங்களா? பேச்சுக்குன்னு அதுல போடலியே ஐயா."

அதன் பிறகு, சும்மா கேட்பது போல, அவன் குடும்பப் பெயர் எந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். அவன் அனாதை விடுதியின் வாசலில் கிடந்த குழந்தை. அவனை எடுத்த கன்னியாஸ்திரி அன்றைய புனிதரின் பெயரை வைத்தாராம். "என் கதவ எவனும் தட்டல. நான்தானே தட்டறவன்" என்று சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்பினான்.

ஒதில், நான் எழுதியதில் எதையும் திரும்பப் பெறவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எழுபத்தைந்து வயதில் மனம் மாறிவிட்டது என்று சொன்னால் அது உன்னை ஏமாற்றுவது. நாடு ஒரு கல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு மேல் நினைக்க முயன்றால் நெஞ்சு வலிக்கிறது. மருத்துவர் அதை இதய நோய் என்கிறார். குளிர்காலம் தாண்டாது என்று அவர் கன்னியாஸ்திரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காது மட்டும் இன்னும் கெடவில்லை.

என் பெயரை எடுத்துவிடு.

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. நீ கேட்டபடி பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறேன். முதல் தாளில் எழுத்து கோணலாகிவிட்டது, இரண்டாவதாக எழுதியதைத்தான் அனுப்புகிறேன்.

ஒரு வேண்டுகோள். என்னை வில்லார்சிக்கு எடுத்துப் போ. பெயர் வேண்டாம். உள்ளே ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஒர்தான்ஸுக்குப் பக்கத்தில். உடல் இல்லாத பெயரைப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்க எழுதினேன். பெயர் இல்லாத உடலாக நான் போய்ப் படுக்கிறேன்.

முடியாது என்றாலும் எழுது. அவர் பெயர் இருக்கும் கல்லுக்குக் கீழே நான் கிடப்பது உனக்குப் பொறுக்காது என்றால், எனக்குப் புரியும். இங்கே சுவருக்குப் பின்னால், கைதிகளைப் புதைக்க ஒரு நிலம் வைத்திருக்கிறார்கள்.

அப்பா


திழோன்,
4 நவம்பர் 1949

அப்பாவுக்கு,

சம்மதக் கடிதம் கிடைத்த அன்றே வில்லார்சிக்குப் போனேன். திருநாளுக்கு முன் வேலை முடிய வேண்டுமே. மேயர் அலுவலகத்து அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

அந்தத் தாளில் "விதால் நாமியாஸ்" என்று உங்கள் கையெழுத்தில் பார்த்தேன். எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. அதற்கு முன்னால் "என் மருமகன்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருக்காது என்று தெரிந்தும் தேடினேன்.

பெயர் இல்லாத உடல் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. உங்களுக்குச் சாவும் ஒரு நல்ல வாக்கியம்தான், அப்பா. அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள். உங்களுக்காகவும்தான்.

இடம் இருக்கிறது. வரலாம். அம்மா கேட்டதற்காக. ஆனால் அங்கே யார் கிடக்கிறார் என்று லூசெத் பெரியவளானதும் சொல்வேன், மறைக்க மாட்டேன். பூ வைப்பதும் வைக்காததும் அவள் இஷ்டம்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும், வேறு யாருக்கும் புரியாது.

விதால் இறந்த தேதி யாருக்கும் தெரியாது. ரயில் புறப்பட்ட தேதியையே இறந்த தேதியாகப் போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், காரியம் முடிய வேண்டுமே என்று. ஆனால் அன்று அவர் உயிரோடு இருந்தார். நிலையத்தில் தண்ணீர் கொடுத்த செஞ்சிலுவைப் பெண் ஒருத்தி பார்த்திருக்கிறாள், நன்றி சொன்னாராம். உயிரோடு இருந்த நாளை எப்படிக் கல்லில் வெட்டுவேன்? தேதி வேண்டாம் என்று மிஷோவிடம் சொல்லிவிட்டேன். பிறந்த வருடம் மட்டும் போதும் என்றேன்.

அவர் உங்கள் பெயரையும் வருடத்தையும் கொத்தி எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து, புதுப் பெயரை வெட்டினார். நல்ல வேலைக்காரர். தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் குழிந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. உங்கள் கோட்டை மட்டும் எடுக்கவில்லை. "கோடு ரொம்ப ஆழம் பாப்பா, அத நோண்டினா கல்லு பொரிஞ்சிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும், எப்படியும் இவருக்கும் தேதி இல்லியே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விதால் நாமியாஸ், 1908, ஒரு கோடு.

திருநாளன்று காலை லூசெத்தோடு போனேன். லேசான மழை. இந்த முறை தொட்டியை அவளே தூக்கி வந்தாள், என்னைத் தொட விடவில்லை. தன் அப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வருடத்தைப் படித்தாள். அப்புறம் கோட்டில் விரல் வைத்தாள்.

தொட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா! அப்பா இருக்காரு!" என்று கத்தினாள். "கோடு முடியல பாரு! அப்பா உசுரோட இருக்காரு, ஏம்மா நீ எங்கிட்ட சொல்லல?"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது, அப்பா? கோட்டுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு தட்டு அதிகமாக வைக்கிறாள். எடுத்தால் மறுபடியும் வைக்கிறாள். இன்று காலை பள்ளியிலும் சொல்லியிருக்கிறாள் போல, ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

உங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். பொதுக்கூட்டத்தில் கேட்டவர்களுக்கும் பதில், நீதிமன்றத்தில் கேட்டவர்களுக்கும் பதில். கல்லில் இருக்கும் பெயர்களைப் பற்றி உங்களைவிட அதிகமாக யோசித்தவர் இந்த நாட்டில் யாரும் இல்லை என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒதில்


மத்தியச் சிறை, மருத்துவக் கூடம்,
13 நவம்பர் 1949

ஒதில்,

உட்கார முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல ழில்பேர் எழுதுகிறான். அவன் எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். சொன்னதெல்லாம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்றுதான் கிழிக்கச் சொன்னேன்.

லூசெத்திடம் இப்படிச் சொல். அந்தக் கோடு தாத்தாவுடையது. கல் வெட்டுகிறவர் எடுக்காமல் விட்டுவிட்டார். உயிரோடு இருப்பது தாத்தாதான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். அப்பா இல்லை. அப்பா வர மாட்டார். தட்டை எடுத்து வைத்துவிடச் சொல்.

அவளுடைய அப்பாவின் கோட்டை முடித்தவர்களில் தாத்தாவும் ஒருவன். இதை அவள் பெரியவளான பிறகு சொல். நீயாகச் சொன்னால் நம்ப மாட்டாள், தாத்தாவை வெறுத்துச் சொல்கிறாய் என்று நினைப்பாள். இந்தத் தாளைக் காட்டு. கீழே கையெழுத்தை நானே போடுகிறேன்.

விதாலுக்கு ஒரு வளையம் செய்திருக்க வேண்டும்.

எவாரிஸ்த் லொர்மோ